ரெண்டரை மணித்தியாலம்

கட்டுநாயக்காவில் பின்னேரம் ஆறு நாற்பது.
ரியாத்தில் இரவு ஒன்பது முப்பது.
பூரணவதி ரிக்கற்றை வெளிச்சத்துக்குப் பிடித்து
விரல் மடக்கி எண்ணினாள்.
"மூண்டு மணித்தியாலமும் இல்லியே தம்பி.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில
நம்பர் எடுத்துக் குந்தியிருக்கிறது இதவிடக் கூட."

நான் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.
பறக்கிறது ஐந்து மணித்தியாலம் இருபது நிமிடம்,
நாலாயிரம் கிலோமீற்றர் சொச்சம்,
அங்கே பொழுது நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பிந்தித்தான் விடியும் என்றேன்.
திரையில் அரபிக்கடலுக்கு மேலே அந்தக் கோடு
மீன் இழுக்கும் தூண்டில் கம்புபோல வளைந்து நின்றது.

அவளுக்கு விளங்கிவிட்டது.
விளங்கியதை நம்பத்தான் மனமில்லை.
"அப்ப அந்த ரெண்டரை ஆருக்குப் போகுதுகா?"
"உங்களுக்குத்தான். சும்மா கிடைக்கிறது."
செவ்வாய்க்குச் செவ்வாய்
லோன்காரப் பொடியனின் மோட்டார்சைக்கிள்
வாசலில் வந்து நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து
சும்மா என்ற சொல்லுக்கு அவள் பயம்.

ரிக்கற்றில் இல்லாத தூரங்களும் இருந்தன.
களுவாஞ்சிகுடியில் என் கடை மாடியிலிருந்து
பிரதேச செயலகம் எழுநூறு மீற்றர்.
குடும்பப் பின்னணி அறிக்கை கையில் வர
நாலு மாதம்.
பிறகு விடியப்புறம் நாலரைக்கு வேன்.
வெலிக்கந்தையில் நடுரோட்டில் ஒற்றை யானை,
அது விலக முக்கால் மணித்தியாலம்.
மன்னம்பிட்டிப் பாலம், ஹபரணை, தம்புள்ள.
குருநாகலில் மகன் சதுர்ஜன் சத்தி எடுத்தான்;
புதுச் சப்பாத்தில் படாமல் பார்த்துக்கொண்டான்.
எல்லாம் சேர்த்து ஒன்பது மணித்தியாலம்
என்று வேன்காரர் இருதயன் கணக்குச் சொன்னார்.
வெளிநாடு கிட்ட, கட்டுநாயக்காதான் தூரம் என்பது
அவர் எல்லாப் பயணத்திலும் சொல்லும் பகிடி.
அன்றைக்குத் திரும்பும்போது சொல்லவில்லையாம்.

இரண்டு வருடமும் நாலு மாதமும் கழித்து
வட்ஸ்அப்பில் குரல் வந்தது.
"தம்பி, ராவைக்குப் பத்து ஐம்பது,
விடிய ஆறு பத்து எண்டு போட்டிருக்கு.
ஏழு மணித்தியாலம் இருபது நிமிசம்!
இது எங்கயும் நிண்டு நிண்டு வாற பிளேனா?"

"இல்லக்கா, நேர்ப் பிளேன்.
போகக்குள்ள எடுத்த ரெண்டரைய
வரக்குள்ள குடுக்கிறீங்க."

அடுத்த பதிவு பதினாலு செக்கன்.
முதலில் ஒரு குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்,
அதை மூடும் சத்தம்,
"வட்டி எவ்வளவு?" என்று ஒரு கேள்வி,
மிச்சம் முழுக்கச் சிரிப்பு.
வட்டியில்லை என்று எழுதினேன்.
நீலக் கோடு விழுந்தது.

வந்து மூன்றாம் நாள் கடைக்கு ஏறி வந்தாள்,
பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றோடு.
என் சுவரில் இரண்டு மணிக்கூடு.
ஒன்றின் கீழே இலங்கை, மற்றதன் கீழே சவூதி
என்று முதலாளி பெயின்ற்றால் எழுதியிருந்தார்.
சவூதி நின்று ஒரு வருடத்துக்கு மேல்.
யாரும் கேட்கவில்லை, நானும் பற்றி மாற்றவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப்போய்
மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடையில்
ஒரு பற்றி வாங்கிவந்தாள்.
கதிரையில் ஏறிக் கழற்றினாள்,
சேலைத் தலைப்பால் தூசி துடைத்தாள்,
இலங்கையைப் பார்க்காமலே முள்ளைத் திருப்பினாள்.
ஆறு நாற்பது.
நான் நிமிர்ந்து பார்த்தேன். இங்கே ஒன்பது பத்து.
நிமிடம் பிசகவில்லை.

"எப்பிடிக்கா?"

"சின்னவன எழுப்புற நேரம்," என்றாள்.
"நூறா. நாலு வயசு. கூப்பிட்டா எழும்பமாட்டான்,
உள்ளங்கால்ல தடவணும்."

சதுர்ஜன் அன்றைக்கும்
போனில் அலாரம் வைத்துத்
தானாக எழும்பிப் பள்ளிக்கூடம் போயிருந்தான்.
அதை அவள்தான் சொன்னாள்,
கதிரையை விட்டு இறங்குமுன்,
மணிக்கூட்டை இன்னும் இரு கையாலும் பிடித்தபடி.